வேக், அவேக், அவேக்கன்: பையருக்கு எழுதும் கடிதத்தில் எது சரி?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
வணக்கம். எங்களிடம் சரக்கு வாங்கும் லண்டன் பையர் ஒருவருக்கு இன்று இரவுக்குள் பதில் அனுப்ப வேண்டும். ஷேட், அதாவது சாய நிறம், ஒத்துவராத ஒரு லாட் சரக்கு பற்றிய விவகாரம். அவருடைய கடிதம் ‘இன் த வேக் ஆஃப் திஸ் ஷேட் இஷ்யூ’ என்று தொடங்கி, ‘திஸ் ஷுட் பி எ வேக்-அப் கால்’ என்று முடிகிறது. எங்கள் மேனேஜர் அதைப் படித்துவிட்டு, “காலையில் போன் செய்யச் சொல்கிறார், ஒன்பது மணிக்குப் பேசுகிறோம் என்று எழுது” என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் வரைவில் ‘ஐ ஆம் வேக் அப் டில் மிட்நைட்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதுவும் நெருடுகிறது. வேறு சொல் தேடினால் வேக்கன், அவேக், அவேக்கன், ரவுஸ், அரவுஸ் என்று வரிசைகட்டி நிற்கின்றன. எல்லாம் ஒன்றுதானா?

பெருந்துறை வாசகர்:
எல்லாம் ஒன்றுதான் தம்பி. எது கம்பீரமாக இருக்கிறதோ அதைப் போடுங்கள். அரவுஸ் நன்றாக இருக்கும்.

கோபி டீச்சர் (ஓய்வு):
அதை மட்டும் போட்டுவிடாதே கண்ணு! சந்தேகத்தை, ஆர்வத்தை, கோபத்தைக் கிளப்புவதற்கு அரவுஸ் பொருந்தும். ஒரு மனிதரைச் சேர்த்து எழுதினால் காமத்தைத் தூண்டுவது என்ற பொருள்தான் முன்னால் வந்து நிற்கும். ஏற்கெனவே ஷேட் பிரச்சினை, இதுவும் வேண்டுமா?

போன் விஷயத்தில் உன் சந்தேகமே சரி. ஓட்டலில் தங்குகிறவர் குறித்த நேரத்துக்கு எழுப்பச் சொல்லி வைத்தால், வரவேற்பறையிலிருந்து அழைப்பார்கள். அதுதான் வேக்-அப் கால். அதிலிருந்து, அசட்டையாக இருப்பவரைச் சுதாரிக்க வைக்கும் நிகழ்ச்சிக்கும் அந்தப் பெயர் வந்தது. ‘இனிமேலாவது விழித்துக்கொள்ளுங்கள்’ என்று நாசூக்காகக் கண்டித்திருக்கிறார். மேனேஜர் சொல்வதுபோல் நம் காலை ஒன்பது மணிக்கு அழைத்தால், இந்த மார்கழியில் அங்கே விடியற்காலை மூன்றரை. அப்போது நிஜமாகவே எழுப்பிவிடுவீர்கள்.

‘இன் த வேக் ஆஃப்’ என்பதற்கும் தூக்கத்துக்கும் உறவே இல்லை. கப்பல் போன பிறகு தண்ணீரில் தெரியும் தடத்துக்கு வேக் என்று பெயர். ஆகவே ‘இதைத் தொடர்ந்து’ என்று பொருள். பெரும்பாலும் கெட்ட நிகழ்ச்சிக்குப் பிறகுதான் வரும். எழுத்து ஒன்று, வேர் வேறு. துக்க வீட்டில் பிணத்தருகே கூடி இரவு விழித்திருப்பதையும் வேக் என்பார்கள். அது மட்டும் விழிப்பின் சொந்தக்காரன்.

இனி உன் வரி. வேக் அப் என்பது கண் திறந்ததும் முடிந்துவிடுகிற செயல். அதை நள்ளிரவு வரை இழுக்க முடியாது. விழித்திருக்கும் நிலைக்கு ‘ஐ வில் பி அவேக்’. பழகியவரிடம் ‘ஐ வில் பி அப்’ போதும்.

சூலூர் மில் சூப்பர்வைசர்:
அம்மா, இடையில் புகுந்து கேட்கிறேன். நைட் ஷிப்ட் ரிப்போர்ட்டில் ‘அவேக் ஆபரேட்டர்’, ‘அஸ்லீப் ஆபரேட்டர்’ என்று எழுதி வருகிறோம். சரிதானா?

கோபி டீச்சர் (ஓய்வு):
இல்லை. அவேக், அஸ்லீப், அலைவ் மூன்றும் பொதுவாகப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் உட்காராது. ‘த ஆபரேட்டர் வாஸ் அஸ்லீப்’ என்று பின்னால் வர வேண்டும். முன்னால்தான் வேண்டும் என்றால் ஸ்லீப்பிங் போடலாம். நன்றாக விழித்திருந்தான் என்பதற்கு வெரி அவேக் என்று எழுதுவதில்லை, வைட் அவேக். ஆழ்ந்த தூக்கத்துக்கு ஃபாஸ்ட் அஸ்லீப். வேகமாகத் தூங்கினான் என்று யாரும் மொழிபெயர்க்காமல் இருந்தால் சரி.

அவிநாசி கல்லூரி மாணவி:
டீச்சர், அலாரம் அடித்தும் போர்வைக்குள் கிடக்கிற என் தம்பிக்கு எது?

கோபி டீச்சர் (ஓய்வு):
வேக் அப் ஆகிவிட்டது, கெட் அப் ஆகவில்லை. இந்த இரண்டையும் கலந்துதான் எல்லோரும் எழுதுகிறார்கள். நேற்று நடந்ததைச் சொல்வதானால் வோக் அப். வேக்ட் என்று போடாதே. ‘ஹீ இஸ் வோக்’ என்றும் எழுதிவிடாதே. சமூக அநீதிகளைப் பற்றிய விழிப்பு உள்ளவன் என்று அதற்குப் பொருள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து பரவியது. 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் அந்தப் பொருளைச் சேர்த்துக்கொண்டது. இன்றைக்கு ஒருவர் பாராட்டாகச் சொல்வதை இன்னொருவர் ஏளனமாகச் சொல்கிறார். போர்வைக்குள் கிடப்பவனுக்கு இரண்டும் பொருந்தாது.

பேரூர் அன்பர்:
மார்கழிப் பள்ளியெழுச்சிக்கு வெளியூர்க்காரர்களுக்காக ஆங்கில அறிவிப்பு எழுதினோம். ‘வேக்கிங் அப் த லார்ட்’ என்பது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளையை எழுப்புவதுபோல் இருக்கிறதே?

கோபி டீச்சர் (ஓய்வு):
அங்கேதான் அவேக்கன் வேண்டும். அதன் தொனியே வேறு. உணர்வு, நம்பிக்கை, தெய்வம் இவற்றுக்கெல்லாம் பொருந்தும். அவேக் என்பதை வினையாக்கி அவோக் என்று எழுதுவது கதைப் புத்தகத்தில் அழகு. அலுவலகக் கடிதத்தில் வேஷம் கட்டியதுபோல் இருக்கும்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
மேனேஜரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு “சரி, மாற்று” என்றார். கண்டிப்பை ஏற்றுக்கொண்டு, புது லேப் டிப் (நிறம் சரிபார்க்கச் சாயமிட்ட மாதிரித் துணி) அனுப்பும் தேதியைக் கொடுத்திருக்கிறேன். கடைசி வரி: ‘ஐ வில் பி அவேக் அன்டில் மிட்நைட். ப்ளீஸ் கால் எனி டைம்.’ அனுப்பிவிடலாமா அம்மா?

கோபி டீச்சர் (ஓய்வு):
யாருடைய மிட்நைட்? உன் நள்ளிரவில் அவருக்கு மாலை ஆறரைதான். அவர் தன் நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டால் நீ விடியற்காலை ஐந்தரை வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இந்திய நேரம் என்று சேர்த்துவிட்டு அனுப்பு.