லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு மாற்றப் போனேன்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கொழுந்துக்காரர் மகன், கோத்தகிரி:

என் கேமிங் லேப்டாப் 2019 கடைசியில் வாங்கியது. திரைக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650, அதன் மெமரி 4 ஜிபி. இரண்டு வருடமாகப் புதிய விளையாட்டு எதைப் போட்டாலும் திணறுகிறது. மேசைக் கணினி வைத்திருக்கும் நண்பன் பத்தே நிமிடத்தில் பழைய கார்டைக் கழற்றிப் புதியதை மாட்டியதைப் பார்த்த வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் விசாரித்தேன். "மாற்றிவிடலாம் தம்பி, பதினெட்டாயிரம் ஆகும், மூவாயிரம் முன்பணம்" என்றார்கள். மாடலைக்கூடக் கேட்கவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அப்பா எந்தத் தொகையையும் பச்சைத் தேயிலையில்தான் கணக்கிடுவார். "பதினெட்டாயிரத்துக்கு எத்தனை கிலோ கொழுந்து போட வேண்டும், சொல் பார்க்கலாம்" என்றார். கணக்கு தெரியும் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

முன்பணம் கட்டுவதற்கு முந்தைய நாள், எங்கள் கடைவீதியில் டிவி, மிக்சி பழுதுபார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கேம் விளையாடியதே இல்லை. அடிமூடியின் பதினோரு திருகாணிகளையும் கழற்றி, எந்த இடத்தில் இருந்ததோ அதே அமைப்பில் ஒரு அட்டையில் குத்தி வைத்தார். பழைய ஏடிஎம் அட்டையை ஓரத்தில் விட்டு நெம்பியதும் மூடி 'டக்' என்று விட்டது. உள்ளே இரண்டு விசிறிகள், அவற்றை இணைக்கும் செம்புக் குழாய்கள். சூட்டை உறிஞ்சும் உலோகத் தகடான ஹீட்சிங்கைத் தூக்கினார். கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு சிப், அதை ஒட்டி நான்கு கருப்பு மெமரி சிப்கள். எல்லாம் மதர்போர்டு என்ற தாய்ப்பலகையிலேயே ஈயத்தில் பற்றவைக்கப்பட்டிருந்தன. கழற்றுவதற்கு 'கார்டு' என்று ஒன்றுமே இல்லை.

"சட்டியை அடுப்போடு சேர்த்தே வார்த்திருக்கிறான் தம்பி. சட்டியை மட்டும் எப்படி மாற்றுவாய்?" என்றார்.

பிறகு அவர் காட்டியதுதான் முக்கியம். விசிறியிலிருந்து காற்று வெளியேறும் தகட்டு இடுக்குகளில், கம்பளித் துண்டுபோல் தூசி படிந்து அடைத்திருந்தது. எங்கள் நாயின் முடியும் அதில் இருந்தது. சிப்பின்மேல் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. தூசியை உருவி எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்து, புது பேஸ்ட் வைத்து மூடினார். விளையாடும்போது 93 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த சிப் இப்போது 78-இல் நிற்கிறது. சூடு ஏறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் இரண்டு வருடம் திட்டியது கார்டை அல்ல, நாய் முடியை.

வேறு யாராவது உண்மையிலேயே மாற்றியிருக்கிறீர்களா?

---

பழைய இரும்பு, குன்னூர்:

மாற்றியிருக்கிறேன். ஆனால் அது வேறு சாதி லேப்டாப். 17 அங்குலத் திரை, தூக்கினால் தோள் இறங்கும். அதில் எம்எக்ஸ்எம் என்ற தனி அட்டையாக கார்டு இருந்தது. பெரிய அட்டை 82க்கு 105 மில்லிமீட்டர், சிறியது 82க்கு 70. இப்போது கடையில் வாங்கும் கேமிங் லேப்டாப்பில் இதைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது.

குவாட்ரோ கே3100எம் என்ற கார்டு இருந்த இடத்தில் கே5100எம் போட நினைத்தேன். கார்டின் மெமரி 4 ஜிபியிலிருந்து 8 ஜிபி ஆகும். சென்னையிலிருந்து பழைய கார்டை வரவழைத்தேன். அட்டை உட்கார்ந்தது, ஹீட்சிங்க் உட்காரவில்லை. திருகாணித் துளைகள் ஒத்துப்போகவில்லை. வேறொரு கம்பெனி லேப்டாப்புக்கான அட்டையை என் தலையில் கட்டியிருந்தார் விற்றவர். திருப்பி அனுப்பி, சண்டை போட்டு, சரியானதை வாங்கி மாட்டினால் திரை கருப்பு. விசிறி மட்டும் மில் சங்குபோல் ஊதியது. லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்த பிறகுதான் படம் வந்தது. பழையது 75 வாட், புதியது 100 வாட். அதனால் அடாப்டரையும் பெரிதாக வாங்கினேன்.

மாட்டுவதற்கு அரை மணி நேரம், அதைச் சுற்றிய வேலைக்கு ஏழு வாரம். திரும்பவும் செய்வேனா என்றால் செய்வேன். எனக்கு அது பொழுதுபோக்கு. உங்கள் அப்பாவிடம் மட்டும் கணக்குக் காட்டாதீர்கள்.

---

மூஞ்சிக்கல் வாசி, கொடைக்கானல்:

நான் மூன்றாவது வழியில் போனவன். என் லேப்டாப்பில் தண்டர்போல்ட் 3 என்ற அதிவேகக் கேபிள் துளை இருக்கிறது. வெளியே ஒரு பெட்டி, அதற்குள் மேசைக் கணினிக்கான கார்டு, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள். வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ஆனால் அந்தக் கேபிளின் உச்சம் நொடிக்கு 40 ஜிகாபிட்தான். மேசைக் கணினியில் 16 தரவுத் தடங்களில் ஓடும் கார்டு இங்கே 4 தடங்களில் ஓடுகிறது. லேப்டாப்பின் சொந்தத் திரையில் விளையாடினால் வரைந்த படம் அதே கேபிளில் திரும்பி வர வேண்டும், இன்னும் குறையும். தனி மானிட்டரைப் பெட்டியிலேயே சொருகிய பிறகுதான் எனக்குக் கொடுத்த காசுக்குப் பலன் தெரிந்தது. பெட்டி, கார்டு, மானிட்டர், அதோடு யுபிஎஸ். மழைக்காலத்தில் இங்கே மரம் விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று மரத்துக்கே தெரியாது.

தண்டர்போல்ட் இல்லாத லேப்டாப் என்றால் பெரும்பாலும் இந்த வழியை மறந்துவிடலாம். சிலர் உள்ளே எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 துளையிலிருந்து கம்பி இழுத்துச் செய்கிறார்கள். அடிமூடியைத் திறந்துவைத்தே ஓட்ட வேண்டும். பூனை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

---

உறைபனி, ஊட்டி:

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரியில் ஒரு நாள் இரவு முழுக்க லேப்டாப் பை காரிலேயே இருந்துவிட்டது. வெளியே புல்லெல்லாம் வெள்ளை. காலையில் நேராகச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தேன், அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியின்மேல் நீர் முத்துமுத்தாகக் கோர்த்தது. உள்ளேயும் அப்படித்தானே கோர்த்திருக்கும்! அதைப் பார்த்தும் ஆன் செய்த புத்திசாலி நான். மதர்போர்டு போயிற்று. குளிர்ந்த இயந்திரத்தைப் பையோடு வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரவிட்டுத்தான் இப்போது திறக்கிறேன்.

இன்னொன்று. இங்கே குளிர் என்பதால் லேப்டாப் சூடாகாது என்று பலர் நினைக்கிறார்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிச் செல்லும் வெப்பம் குறைவு. குளிர்காற்று அதை ஈடுகட்டிவிடுகிறது, அவ்வளவுதான். தூசி அடைத்துவிட்டால் ஊட்டிக் குளிரும் உதவாது.

---

கொழுந்துக்காரர் மகன், கோத்தகிரி:

எல்லோருக்கும் நன்றி. டிவி அண்ணன் மூடியைத் திறந்தபோதே இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டு ரேம் துளைகளில் ஒன்று காலி. 8 ஜிபி ஒற்றைக் குச்சியில் ஐந்து வருடமாக ஓட்டியிருக்கிறேன். அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டேன். இரண்டு குச்சிகளும் சேர்ந்து இரட்டைத் தடத்தில் ஓடுவதால் நடுநடுவே படம் விக்கி நின்றது பெருமளவு போய்விட்டது. விளையாட்டின் அமைப்பில் நிழல்களை 'நடுத்தரம்' ஆக்கிவிட்டேன். ரேமுக்கும் அண்ணனின் கூலிக்கும் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. அந்த முன்பணத் தொகைதான்.

கோயம்புத்தூர்க் கடைக்காரர் நேற்று போன் செய்தார். என் லேப்டாப்புக்கான கார்டு வந்துவிட்டதாம்.