யானை வேண்டாம், சரி. பட்டுமா வேண்டாம்?

கொலுசுக்காரி:
தை மாதம் எனக்குக் கல்யாணம். முகூர்த்தம் சேலத்தில், மறுநாள் வரவேற்பு ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில். எந்த உயிரையும் நோகடிக்காமல் நடத்துவது என்று நானும் அவரும் முடிவெடுத்திருக்கிறோம். வாசலில் யானை இல்லை, மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட்டுக் குதிரை இல்லை, வெடி இல்லை, கறி விருந்து இல்லை. இதுவரைக்கும் வீட்டில் முணுமுணுப்புதான். “முகூர்த்தப் பட்டும் வேண்டாம், பருத்திக் கூறை போதும்” என்றேன். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. நான் கேட்பது அதிகப்படியா?

கெடாவெட்டு:
யானை, குதிரையெல்லாம் விட்டுத்தள்ளுங்க. முகூர்த்தச் சாப்பாடு எப்படியும் சைவம்தான். மறுவீட்டுக் கறி விருந்துதான் மாமன் மச்சானுக்கு மரியாதை. எங்கள் அத்தை மகன் கல்யாணத்தில் கறி இல்லை என்று தெரிந்ததும், இரண்டு வேன் சனம் வழியிலேயே இறங்கி பரோட்டாக் கடைக்குப் போய்விட்டது. அங்கே என்ன கத்திரிக்காயா தின்றார்கள்? ஆடு தப்பித்தது, கோழி செத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

காப்பித்தோட்டம்:
யானையை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். நம்ம சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை ராஜேஸ்வரியை அதற்குள் மறந்தாச்சா? 2018-இல் எழுந்து நிற்க முடியாமல் ஒருக்களித்துக் கிடந்தது. மருத்துவர் சான்று கொடுத்தால் கருணைக்கொலை செய்யலாம் என்று உயர் நீதிமன்றமே சொல்லும் நிலைமை. அதற்குள் தானாகவே போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்த ஊரில், மண்டப வாசல் தார் ரோட்டில் ஒரு யானையை மணிக்கணக்காக நிற்கவைக்க மனசு வருமா?

தங்கச்சி, மலையில் வரவேற்பு என்றால் வெடியை நிறுத்தியது ரொம்பச் சரி. போன வருஷம் எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஒரு விசேஷம். வாணவேடிக்கை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு காட்டெருது, மிளகுக்கொடி ஏற்றியிருக்கிற சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கண்மண் தெரியாமல் ஓடிற்று. விடிந்து போய்ப் பார்த்தால் வேலிக் கம்பியில் கொத்தாக முடி, கீழே இலையில் ரத்தம். அப்புறம், வருகிறவர்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: 20 கொண்டை ஊசி வளைவில் எங்கேயும் குரங்குக்குப் பாக்கெட்டைத் தூக்கிப் போடக் கூடாது. எச்சில் இலையோடு பிளாஸ்டிக் டம்ளரைச் சேர்த்துக் கொட்டவும் கூடாது. 2019-இலேயே தடை வந்தாச்சு, ஆனாலும் மண்டபத்துக்குப் பின்னால் மாடு மெல்லுவது அதைத்தான்.

தறிக்காரன்:
கண்ணு, கோபப்படாமல் கேள். நான் அம்மாப்பேட்டை. தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வெண்பட்டு. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, தறியில் உட்காரத்தான் ஆள் இல்லை. நீ ஒருத்தி வேண்டாம் என்றால் என் தறி நின்றுவிடாது. ஆனால் பட்டு பாவம் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடையில் போய் எடுப்பது பாலியஸ்டர். அதைத் துவைக்கிற பிசிறு திருமணிமுத்தாற்றில்தானே போய்ச் சேரும்? மீன் உயிர் இல்லையா?

கெடாவெட்டு:
நம்ம ஊர்ச் சாக்கடையெல்லாம் கலக்கிற திருமணிமுத்தாற்றில் மீனா! அண்ணா, சிரிப்புக் காட்டாதீங்க.

கொலுசுக்காரி:
பாலியஸ்டர் இல்லை அண்ணா, பருத்தி என்றுதான் எழுதியிருக்கிறேன், அதுவும் கைத்தறி. தர்மபுரிப் பக்கம் தோழி வீட்டில் புழு வளர்ப்பைப் பார்த்தேன். ராத்திரி அந்த மனைக்குள் நின்றால் மழை தூறுகிற மாதிரி சத்தம். அத்தனையும் மல்பெரி இலை தின்கிற சத்தம். சந்திரிகையில், அதாவது புழு கூடு கட்டுவதற்காக வைக்கிற தட்டில், கூடு கட்டி முடித்ததும், பூச்சியாக வெளியே வருவதற்குள் கூட்டோடு சூட்டில் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இழை, பூச்சி ஓட்டை போட்டால் அறுந்துபோகும். ஒரு கிலோ நூலுக்கு 4,000, 5,000 கூடு வேண்டும். கெடாவெட்டு அண்ணா, உங்கள் மறுவீட்டில் எத்தனை தலை விழும்?

ஆவணி மாப்பிள்ளை:
அகிம்சைப் பட்டு இருக்கிறதே? ஐதராபாத் குசும ராஜய்யா செய்து காட்டினாரே, பூச்சி வெளியே போன பிறகு நூற்கிற பட்டு. மினுமினுப்பு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

மல்பெரி:
கூடு விற்கிறவன் சொல்கிறேன். அந்தப் பூச்சிக்கு இறக்கை இருக்குமே தவிர பறக்காது, வாய் இருந்தும் தின்னாது. ஜோடி சேர்ந்து நானூறு முட்டை போட்டுவிட்டுச் சில நாளில் செத்துப்போகும். அத்தனை முட்டையும் பொரித்தால் இலை போடுவது யார்? ஒன்று முட்டையை அழிக்கவேண்டும், இல்லை குஞ்சுப் புழு பட்டினியில் சாகும். பருத்தி கட்டு, எனக்கு வருத்தமில்லை. அகிம்சை என்று சீட்டு ஒட்டியதற்காகக் கூடுதல் விலை மட்டும் கொடுக்காதே.

தறிக்காரன்:
நல்ல கேள்வி ஒன்று நானும் கேட்கிறேன். தவில் வைத்திருக்கிறாயா கண்ணு? ஒரு பக்கம் ஆட்டுத்தோல், மறுபக்கம் எருமைத்தோல்.

கொலுசுக்காரி:
வைத்திருக்கிறேன். அட்வான்ஸும் கொடுத்தாச்சு. தோல் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தவில் இருக்கட்டும், இதில் என்னிடம் பதில் இல்லை.

கெடாவெட்டு:
அப்போ தோல் ஆகும், கறி ஆகாது!

பந்திக்கட்டு:
சமையல்காரன் குறுக்கே வருகிறேன். ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்தில் இருந்துகொண்டு பாயசத்துக்குப் பால் எதற்கு? ஜவ்வரிசியை லேசாக வறுத்து வேகவிட்டு, கண்ணாடி மாதிரி ஆனதும் வெல்லப்பாகு. அடுப்பை அணைத்துவிட்டுத் தேங்காய் முதல் பால். கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். முந்திரியைத் தேங்காயெண்ணெயில் வறுத்தால் நெய்யை யாரும் கேட்கமாட்டார்கள். மோரை மட்டும் நிறுத்தாதே தாயி, பெரியவர்கள் இலையை மடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

கொலுசுக்காரி:
மோர் உண்டு. நேற்று அம்மா பரணிலிருந்து அவர் முகூர்த்தப் பட்டை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார். சரிகை கறுத்திருக்கிறது, மடிப்பில் இரண்டு இடம் இற்றிருக்கிறது. தாலிக்குப் புதுக் கோடித்துணிதான் ஆகும் என்கிறார் பாட்டி. அதனால் முகூர்த்தத்துக்குப் பருத்திக் கூறை, வரவேற்புக்கு அம்மா பட்டு. தறிக்கார அண்ணா, இற்ற இடத்தில் இழை ஓட்ட முடியுமா?

தறிக்காரன்:
கொண்டு வா பார்க்கலாம். இஸ்திரிப் பெட்டி போடாமல் கொண்டு வா, மடிப்பில் இன்னும் விட்டுப்போகும்.

கெடாவெட்டு:
எல்லாம் சரி, மறுவீடு?