தாத்தாவின் பழைய ரிவால்வர்: வயதும் விலையும் எப்படித் தெரிந்துகொள்வது?

வால்பாறைப் பேரன்:
வணக்கம். பழைய துப்பாக்கிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் இருந்தால் உதவுங்கள்.

தாத்தா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ஒரு சின்ன ரிவால்வர், அவர் பெயரில் லைசென்ஸ் புத்தகம், தேர்தல் சமயங்களில் ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீதுகள், ஒரு பொடி டப்பாவில் சில தோட்டாக்கள், இவ்வளவும் இருந்தன. கொள்ளுத்தாத்தா வால்பாறைப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். துரை ஊருக்குக் கப்பல் ஏறும்போது கொடுத்துவிட்டுப் போனது என்பார்கள் வீட்டில்.

குழல் இரண்டரை அங்குலம்தான் இருக்கும். சுழலும் உருளையில் ஐந்து அறைகள். மரப்பிடியில் குறுக்குக் கோடு வேலைப்பாடு, அதன் அடியில் கயிறு கட்ட ஒரு வளையம். மேல் பட்டையில் 'பிரிட்டிஷ் புல்டாக்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. லைசென்ஸில் '.450 ரிவால்வர்' என்று எழுதியிருக்கிறார்கள்.

இது எந்த வருடத்தது, என்ன விலை போகும்? சித்தப்பா பத்து லட்சத்துக்குக் குறையாது என்கிறார். நூறு வருடம் தாண்டிய துப்பாக்கிக்கு லைசென்ஸே வேண்டாம் என்று இணையத்தில் படித்தேன், அதுவும் உண்மையா?

மணிமுத்தாறு:
சும்மா புளி போட்டுத் தேய்த்துப் பாருங்க, குத்துவிளக்கு மாதிரி பளபளக்கும். எழுத்தெல்லாம் தானா தெரியும்.

ஓய்வு ஆர்மரர்:
தம்பி, அந்தப் புளி யோசனையை முதலில் மறந்துவிடுங்கள். உப்புத்தாள், பிராசோ எதுவும் கூடாது. பழைய இரும்பின் மேல் இருக்கும் அந்தப் பழுப்பு நிறம் போனால் பாதி விலை போயிற்று, முத்திரைகளும் தேய்ந்துவிடும். மென்மையான துணியில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் போதும்.

அதற்கும் முன்னால் ஒன்று. உருளைக்குள் தோட்டா இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இந்த வகையில் உருளை வெளியே சாயாது. வலது பக்கம் பின்னால் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்து, தோட்டாவை அடிக்கும் சுத்தியலைப் பாதி மட்டும் இழுத்து, உருளையைக் கையால் ஒவ்வொரு அறையாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். பழக்கம் இல்லாவிட்டால் நீங்கள் செய்யாதீர்கள். குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள், அவர்களே வந்து பார்ப்பார்கள். விசையைச் சும்மா இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். அந்தக் காலத்து ஸ்பிரிங் உடைந்தால் மாற்று கிடைக்காது.

பழம்பொருள் பித்தன்:
'பிரிட்டிஷ் புல்டாக்' என்ற எழுத்தை வைத்து இங்கிலாந்துத் துப்பாக்கி என்று முடிவு கட்டாதீர்கள். பர்மிங்ஹாம் வெப்ளி கம்பெனி 1872 வாக்கில் புல்டாக்கைக் கொண்டுவந்தது. கோட்டுப் பையில் அடங்கும் அளவு, பெரிய தோட்டா. அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துப் பட்டறைகள் அதே உருவத்தில் மலைமலையாகச் செய்து உலகம் முழுக்க அனுப்பின. பெயரையும் அப்படியே பொறித்தார்கள். 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டதும் ஒரு புல்டாக்தான். அந்தத் துப்பாக்கி ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கிருந்து காணாமல் போய்விட்டது!

உங்களுக்கு வேண்டிய பதில் மேல் பட்டையில் கிடைக்காது. உருளையின் ஓரத்திலும், குழலின் அடியிலும், சட்டத்திலும் பொடிப் பொடி முத்திரைகள் இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. சீரியல் நம்பரை மட்டும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

வால்பாறைப் பேரன்:
நன்றி. உருளை காலிதான். மாமா ஊர்க்காவல் படையில் இருந்தவர், அவர்தான் பார்த்தார்.

உருளையில் ஒரு முட்டை வடிவம், அதற்குள் ஈ, எல், ஜி என்று மூன்று எழுத்து, கீழே ஒரு நட்சத்திரம். முட்டையின் தலையில் கிரீடம் போல ஏதோ ஒன்று. குழலின் பக்கத்தில் கிரீடத்துக்குக் கீழே ஆர் என்ற எழுத்து. வெப்ளி என்றோ வேறு கம்பெனி பெயரோ எங்கேயும் இல்லை.

பழம்பொருள் பித்தன்:
அப்படியென்றால் சந்தேகமே இல்லை, பெல்ஜியம். அந்த மூன்று எழுத்து லியேஜ் சோதனைச் சாலையின் முத்திரை. அங்கே விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு துப்பாக்கியையும் அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் குத்துவார்கள். 1893 வரை அந்த முட்டைக்கு மேல் கிரீடம் கிடையாது, அதற்குப் பிறகு உண்டு. கிரீடத்துக்குக் கீழே ஆர் என்பது மரை வெட்டிய (உட்புறம் சுருள் வரி போட்ட) குழலுக்கு உரியது, அதுவும் 1890-களில் வந்ததுதான். ஆகவே 1893-க்கு முன்னால் இது சோதனைச் சாலையைத் தாண்டியிருக்க முடியாது.

மேல் எல்லைக்கு இன்னொரு தடயம்: 1922 முதல் லியேஜில் வருடத்துக்கு ஓர் எழுத்து குத்த ஆரம்பித்தார்கள். உங்கள் படங்களில் அப்படி எதுவும் இல்லை. 1914-ல் ஜெர்மன் படை லியேஜைப் பிடித்தபின் இந்த வியாபாரம் படுத்துவிட்டது. அதனால் 1893-க்கும் 1914-க்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளலாம். நம்பரை வைத்து வருடம் தேட வேண்டாம். அந்தப் பட்டறைகள் போட்டவை பெரும்பாலும் தொகுதி எண்கள்தான்.

சிங்கமும் பக்கத்தில் பி.வி. என்ற எழுத்தும் எங்காவது தெரிகிறதா?

வால்பாறைப் பேரன்:
இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அது எதற்கு?

ஓய்வு ஆர்மரர்:
அது புகையில்லா மருந்துக்குச் சோதித்த அடையாளம், தம்பி. அது இல்லையென்றால் கருமருந்து காலத்துப் பலம்தான் இந்த உருளைக்கு. நவீன மருந்து போட்ட தோட்டாவைப் போட்டால் கையில் வெடிக்கும். டப்பாவில் இருக்கும் தோட்டாக்களையும் வீட்டில் வைக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். துப்பாக்கியோடு சேர்த்து எண்ணிக்கை எழுதி ஒப்படைக்க வேண்டும்.

கோவை வக்கீல்:
சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். வயதையும் விலையையும் விட இதுதான் உங்களுக்கு அவசரம்.

நூறு வருடம் தாண்டினால் லைசென்ஸ் வேண்டாம் என்பது நம் ஊர்ச் சட்டம் அல்ல. அமெரிக்காவில் 1898 வரை செய்தவற்றுக்குப் பெரும்பாலான விதிகளில் விலக்கு உண்டு, நீங்கள் படித்தது அதுவாக இருக்கும். இங்கே ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 45-ல் பழைய ஆயுதத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அது பொருந்தும். உங்களுடையதில் உருளை சுற்றுகிறது, சுத்தியல் வேலை செய்கிறது. அந்தப் பிரிவை நம்பி வீட்டில் வைத்துக்கொண்டால் கிரிமினல் வழக்குதான்.

லைசென்ஸ் தாத்தாவோடு போயிற்று. பிரிவு 21-ன்படி தாமதம் இல்லாமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஒப்படைத்தால் உரிமை போய்விடாது. 2016 விதிகளில் வாரிசுக்கு லைசென்ஸ் தருவதற்குத் தனி விதியே இருக்கிறது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதத்தோடு கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பிக்கலாம். சித்தப்பா உட்பட எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், அதில்தான் பல மனுக்கள் நிற்கின்றன.

ஓய்வு ஆர்மரர்:
வக்கீல் சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். .455 தோட்டா ஏறிச் சுடும் ரிவால்வர் தடைசெய்யப்பட்ட ரகம். அதற்கு லைசென்ஸ் கலெக்டர் கையில் இல்லை, டெல்லி உள்துறைக்குப் போக வேண்டும். அங்குலக் கணக்கில் சொல்லும் இந்த அளவுகளில் .450-க்கும் .455-க்கும் உள்ள இடைவெளி மயிரிழைதான். உங்கள் உருளையின் அறையில் எது ஏறும் என்று ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) அளந்து சான்று தருவது நல்லது. அதை வாங்காமல் மனுப் போட்டால் கேள்வி மேல் கேள்வி வரும்.

வால்பாறைப் பேரன்:
சரி ஐயா. அப்போ சித்தப்பாவின் பத்து லட்சம்?

பழம்பொருள் பித்தன்:
அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. 1980-களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனது. அதனால் பழைய வெளிநாட்டு .32 ரிவால்வர்களுக்கு இங்கே சில லட்சங்கள் வரை விலை போகிறது. அதற்குத் தோட்டா கிடைக்கும், லைசென்ஸ்தாரர்கள் வாங்குவார்கள். உங்களுடையது .450. தோட்டா இல்லை, வைத்துச் சுட யாருக்கும் பயன்படாது, மேலும் ரக வில்லங்கம் வேறு. லைசென்ஸ் உள்ள ஒருவருக்கோ டீலருக்கோதான் சட்டப்படி விற்கலாம், அப்படி வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

வெளிநாட்டு ஏலங்களில் பெயர் இல்லாத பெல்ஜிய புல்டாக் சில நூறு டாலருக்குப் போகும். ஆனால் அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். நூறு வருடம் தாண்டிய தொல்பொருளைத் தனியாள் ஏற்றுமதி செய்ய 1972 சட்டம் தடை விதிக்கிறது.

விலையைத் தூக்கக்கூடியது விற்ற கடையின் பெயர்தான். கல்கத்தா மாண்டன், ரோடா, அல்லது சென்னையில் ஓக்ஸ், பி. ஆர் அண்ட் சன்ஸ் (மவுண்ட் ரோடு கைக்கடிகாரக் கடை, ஒரு காலத்தில் துப்பாக்கியும் விற்றது) என்று ஏதாவது குழலிலோ பெட்டியிலோ இருந்தால் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் எனக்குத் துப்பாக்கியை விட அந்த லைசென்ஸ் புத்தகமும் ரசீதுகளும்தான் சுவாரசியம். துரை கொடுத்தது உண்மையானால் பழைய லைசென்ஸில் யாரிடமிருந்து பெறப்பட்டது என்று எழுதியிருக்கலாம்.

வால்பாறைப் பேரன்:
கடைப் பெயர் எதுவும் இல்லை. லைசென்ஸில் கொள்ளுத்தாத்தா பெயரிலிருந்து மாற்றியதாகத்தான் இருக்கிறது, துரை பெயர் இல்லை. சித்தப்பாவுக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை, அது வேறு கதை! இன்று காலை துப்பாக்கியையும் தோட்டாக்களையும் ஒப்படைத்துவிட்டேன். படங்கள் என்னிடம் இருக்கின்றன. அடுத்த வாரம் தாசில்தார் ஆபீஸ்.

ஓய்வு ஆர்மரர்:
நல்லது தம்பி. ரசீதை ஒருமுறை எடுத்து, அதில் எழுதிய நம்பர், போர் (குழல் அளவு), தோட்டா எண்ணிக்கை மூன்றும் லைசென்ஸோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய பொறிப்பில் 3-ம் 8-ம் ஒரே மாதிரி இருக்கும், ரைட்டர் அவசரத்தில் மாற்றி எழுதிவிடுவார். இன்றைக்கே போய்த் திருத்திக் கையெழுத்து வாங்குங்கள்.