ரவுட்டர் திணிக்கிற டிஎன்எஸ்

தம்பி: அக்கா, தளப் பேருக்கு ஐபி முகவரி கேக்கிற டிஎன்எஸ் கேள்விகளை யாரும் படிக்காதபடி டிஎல்எஸ்ல பூட்டி அனுப்பணும்னு, லினக்ஸ்ல ரிசால்வ்டு.கான்ஃப் ஃபைல்ல க்வாட்9 டிஎன்எஸ் சர்வரோட ஐபி 9.9.9.9 போட்டு, டிஎன்எஸ்-ஓவர்-டிஎல்எஸ் வரியில "யெஸ்"னு மாத்தி சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணேன். ஒரு தளமும் திறக்கல.

அக்கா: ஐபிக்குப் பின்னாடி ஹேஷ் போட்டு சர்வர் பேர் எழுதினியா? 9.9.9.9#டிஎன்எஸ்.க்வாட்9.நெட். நடுவுல இடம் விடக்கூடாது. சர்வர் காட்டுற சர்டிஃபிகேட்டை, அதாவது அடையாளச் சான்றை, அந்தப் பேரோடதான் ஒத்துப் பார்க்கும்.

தம்பி: எழுதியிருக்கேன்

சித்தப்பா: அப்போ டெர்மினல்ல ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்னு அடிச்சு வைஃபை பகுதியைப் பாரு. டிஎன்எஸ் சர்வர்னு என்ன இருக்கு?

தம்பி: 192.168.1.1 சித்தப்பா

சித்தப்பா: அதான் காரணம். டிஎச்சிபி, அதாவது நெட்வொர்க்ல சேரும்போது முகவரிகளைத் தானா கொடுக்கிற முறை, அது வழியா ரவுட்டர் தன் முகவரியை டிஎன்எஸ் சர்வரா திணிக்குது. நீ "யெஸ்" போட்டதால ரவுட்டர்கிட்டயும் டிஎன்எஸ்-ஓவர்-டிஎல்எஸ்ஸுக்கான 853ஆம் போர்ட்டுல டிஎல்எஸ் கேக்குது. சாதா வீட்டு ரவுட்டர்ல அந்த வசதி இருக்காது. பூட்டு இல்லாத பழைய டிஎன்எஸ் போர்ட் 53க்கு இறங்கவும் "யெஸ்" விடாது.

தம்பி: "யெஸ்"ஸுக்குப் பதிலா "ஆப்பர்ச்சூனிஸ்டிக்"னு போட்டா உடனே வருதே, அப்படியே விட்றலாமா?

அக்கா: வேணாம்டா. டிஎல்எஸ் கிடைக்கலேன்னா அது சத்தமே இல்லாம வெறும் டெக்ஸ்ட்டா அனுப்பிடும். வழியில இருக்கிறவன் 853ஐ மறிச்சா போதும், நீ தேடுற தளப் பேரெல்லாம் அவனுக்குத் தெரியும். சர்டிஃபிகேட்டையும் சரிபார்க்காது. இவ்வளவு மெனக்கெட்டு ஓட்டைப் பூட்டா போடுவே?

சித்தப்பா: "யெஸ்"ஸே இருக்கட்டும். நெட்வொர்க் செட்டிங்ஸ்ல அந்த வைஃபையைத் திறந்து ஐபிவி4 பக்கத்துல டிஎன்எஸ் "ஆட்டோமேடிக்"கை ஆஃப் பண்ணு. ஐபிவி6லயும் பண்ணணும், அதைத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க. அப்புறம் வைஃபையைத் துண்டிச்சு சேரு.

தம்பி: வருது!! 🙏

சித்தப்பா: வந்தா மட்டும் போதாது. நெட்வொர்க்ல போறதையெல்லாம் காட்டுற டிசிபிடம்ப் கட்டளையில வைஃபை இன்டர்ஃபேஸைக் குறிப்பிட்டு போர்ட் 53ஐக் கவனி. ஒரு வரியும் ஓடக்கூடாது. இன்டர்ஃபேஸுக்கு "எனி"னு போடாதே, கணினிக்குள்ளயே 127.0.0.53ங்கிற முகவரிக்குப் போற கேள்விகளும் சேர்ந்து தெரியும், கசியுதுன்னு பயந்துடுவே.

அக்கா: சோதனையை பிரவுசர்ல செய்யாதே. அதுக்குள்ள தனியா டிஓஎச், அதாவது எச்டிடிபிஎஸ் வழியா டிஎன்எஸ், ஓடினா கேள்வி 443ஆம் போர்ட்டுல போயிடும், எல்லாம் சரியா இருக்கிற மாதிரி தெரியும். ரிசால்வ்சிடிஎல் க்வெரி போட்டு ஏதாவது புதுத் தளத்தைக் கேளு.

தம்பி: 53ல ஒண்ணுமே இல்ல. 853ல மட்டும் ஓடுது

சித்தப்பா: சரி. ஆட்டோமேடிக்கை எடுத்தது இந்த ஒரு வைஃபைக்குத்தான். வேற வைஃபைல சேர்ந்தா அங்கயும் எடுக்கணும்.

அக்கா: திடீர்னு ஒருநாள் எதுவுமே வரலேன்னா முதல்ல கணினி கடிகாரத்தைப் பாரு. தேதி தப்பா இருந்தா சர்டிஃபிகேட் செல்லாது. நேரத்தைத் திருத்துற சர்வரோட பேரைத் தேடவும் டிஎன்எஸ் வேணும், அதனால தானா சரியாகாது. தேதியைக் கையால வச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணு.