ஒரு வாசலைப் படமெடுத்தால் ஹார்லெம் ஆகிவிடுமா?

தெருவோரன்: புகைப்படக் கலைஞர் கமிலோ ஹோசே வெர்காரா நியூயார்க்கின் ஹார்லெம் மாறிய விதத்தை முழுமையாகப் பதிவு செய்துவிட்டார் என்றும், கிழக்கு 125ஆம் தெருவின் 65ஆம் எண் வாசலே அதற்குச் சாட்சி என்றும் நிழலன் நேற்று எழுதியிருந்ததைப் படித்து எரிச்சல்தான் மிஞ்சியது. ஒரு வாசல் எப்படி ஒரு வட்டாரத்தின் வரலாறாகும்?

நிழலன்: 1977இல் அவர் முதலில் எடுத்தபோது அங்கே பர்ப்பிள் மேனர் என்ற இரவு விடுதி இருந்தது. பின்னர் அதே வாசல் புகைப்பொருள் கடையாகவும் மெத்தைக் கடையாகவும் உருமாறியதை, திரும்பத் திரும்பப் போய் எடுத்திருக்கிறார். பெயர்ப்பலகை மாறும்போது, அத்தெருவில் யார் கையில் பணம் புழங்குகிறது என்பதும் மாறுகிறது. இதைப் படத்தில் வாசிக்கத் தெரியாதவருக்கு விளக்கவுரை எழுத எனக்கு நேரமில்லை.

தெருவோரன்: வாசிக்கத் தெரிகிறது ஐயா, மெத்தை வாங்கியவரின் முகம்தான் தெரியவில்லை. 2008இல் நகர மன்றம் 125ஆம் தெருவின் மண்டல விதிகளைத் திருத்தி உயரமான கட்டடங்களுக்கு வழிவிட்டதே, அந்தச் செய்தியை உங்கள் வாசல் எந்தப் படத்தில் சொல்கிறது? ஒரு வாசல், ஒரே ஒரு வாசல்!

பழஞ்சுருள்: சிலியில் பிறந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த வெர்காரா, 1970களின் தொடக்கத்தில் தெருவில் நின்ற மனிதர்களைத்தான் எடுத்தார், கட்டடங்களின் பக்கம் திரும்பியது பிறகுதான், அதுவும் தெரிந்தே. இன்னொன்று: கோடாக்ரோம் என்ற வண்ணப் புகைப்படச் சுருளின் உற்பத்தி 2009இல் நின்றுபோனது. சுருளில் எடுத்த பழைய சிவப்பையும் டிஜிட்டல் சிவப்பையும் அருகருகே வைத்துவிட்டுச் சுவர்தான் மாறியது என்று யாரும் துள்ள வேண்டாம்.

நிழலன்: சிவப்பைப் பற்றி இங்கே யார் கேட்டார்கள்?

தெருவோரன்: பழஞ்சுருளுக்கு எங்கே போனாலும் சுருள்தான். அது கிடக்கட்டும். 1995இல் டெட்ராய்ட்டின் நடுப்பகுதியில் பாழடைந்து நின்ற உயரக் கட்டடங்களை அப்படியே, ஏதென்ஸ் குன்றின் பழங்கால இடிபாடுகளைப் போல, அமெரிக்காவின் அக்ரோபோலிஸாக விட்டுவைக்கலாம் என்று யோசனை சொன்னவரும் இதே வெர்காராதானே? ஊர்க்காரர்கள் கொதித்ததில் வியப்பென்ன? வேலையும் வீடும் கேட்டவர்களுக்கு இடிபாட்டைக் காட்சிப்பொருளாக்கித் தருவது என்ன நியாயம்?

நிழலன்: ஹார்லெமில் பதில் இல்லை என்றதும் டெட்ராய்ட்டுக்கு ஓடுகிறீர்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் யூஜீன் அட்ஜே பற்றிய விவாதத்திலும் இதையே செய்தீர்கள். ஆளரவமற்ற பழைய பாரிஸ் தெருக்களை அவர் எடுத்ததை அன்று பக்கம் பக்கமாகப் புகழ்ந்தவருக்கு, இன்று மட்டும் முகங்கள் தேவைப்படுகின்றன!

தெருவோரன்: அட்ஜே 1920இல் பிரெஞ்சு அரசுக்கு விற்ற கண்ணாடி நெகடிவ் தகடுகள் மட்டுமே ஏறத்தாழ 2,600. அது ஒரு நகரம். நீங்கள் மார்தட்டுவதோ ஒரு வாசலுக்கு.

பழஞ்சுருள்: வெர்காராவின் படத்தொகுப்பு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலேயே இருக்கிறது. அதில் எத்தனை வாசல்கள் என்று போய் எண்ணிப் பாருங்கள்.

தெருவோரன்: எண்ணுவது உங்கள் வேலை. 65ஆம் எண்ணை முன்வைத்தவர் நிழலன். 65ஆம் எண்ணுக்குத்தான் பதில் கேட்கிறேன்.

நிழலன்: முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.

தெருவோரன்: படித்தேன். அங்கேயும் அதே வாசல்தான் இருக்கிறது.