குமரி மாவட்டத்தில் கருப்பட்டி, தேன், கருவாடு செய்கிற இடங்களுக்கு நேரில் போகலாமா?

கோவை வாணி:

வணக்கம். ஏப்ரல் கடைசியில் அம்மாவையும் பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு காரில் கன்னியாகுமரி வருகிறோம். விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை எல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. இந்த முறை கடற்கரைச் சாலையிலேயே மெதுவாகப் போய், சாப்பாட்டுப் பொருட்களைக் கையால் செய்கிறவர்களைப் பார்த்து அவர்களிடமே வாங்க ஆசை. போன தடவை சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் ஒரு கடையில் வாங்கிய கருப்பட்டி வெறும் சர்க்கரையாக இனித்தது. அம்மா காபியை ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார். கருப்பட்டி, தேன், கருவாடு மூன்றும் அந்த மாதத்தில் பார்க்கக் கிடைக்குமா? முன்பின் தெரியாதவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கலாமா? அம்மாவால் ரொம்ப தூரம் நடக்க முடியாது.

மிடாலத்தான்:

தாராளமாக வாருங்கள் அக்கா. பனையேறி வீட்டில் பிறந்தவன் நான், அதனால் கருப்பட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தேனும் கருவாடும் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

மாசி, பங்குனியில் சூடுபிடிக்கிற வேலை ஆனி வரை போகும். நீங்கள் வருவது சித்திரை, அக்கானி நன்றாகச் சுரக்கிற காலம் (பதநீரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). விடியும் முன்பே ஏறி, ராத்திரி முழுக்கச் சொட்டியதை இறக்குவார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கும், இல்லாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். சாயங்காலம் மறுபடி அதே மரங்களில் ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். சீவாமல் விட்டால் பாளை வறண்டுபோகும். அதனால் இந்த வேலைக்கு விடுமுறை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட மரத்திலிருந்து இறங்கிய பிறகுதான் போக முடியும்.

காலையில் அக்கானி வந்து சேர்ந்ததும் விடிலியில் (கருப்பட்டி காய்ச்சுகிற குடிசை) அடுப்பு பற்றவைப்பார்கள். காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவசரப்படாமல் கூடவே உட்கார்ந்து பாருங்கள். முதலில் வெள்ளை நுரை பொங்கி வழியப் பார்க்கும். ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் அடங்கிவிடும். அப்புறம் நிறம் பழுத்து, கொதிக்கிற சத்தமே மாறும். தளதளவென்று இருந்தது கூப்பனிப் பதம் (கெட்டிப் பாகு) வந்ததும் பொத்துப்பொத்தென்று வெடிக்கும். அகப்பையிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். கரையாமல் உருண்டு வந்தால் பதம். உடனே இறக்கி, துழாவித் துழாவி, வரிசையாக வைத்த சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் பாத்திரத்திலேயே இறுகிவிடும். அந்த நேரத்தில் மட்டும் யாரிடமும் கேள்வி கேட்காதீர்கள். மகனுக்கு அடுப்படியில் கொஞ்சம் கூப்பனி கேட்டு வாங்கிக் கொடுங்கள், எந்தக் கடையிலும் அந்த ருசி கிடைக்காது.

பத்து லிட்டர் அக்கானி காய்ச்சினால் கிலோவோ ஒன்றரைக் கிலோவோதான் தேறும். தினம் முப்பது, நாற்பது மரம் ஏறி இறங்குகிறவரின் உழைப்பும் விறகும் அதற்குள் இருக்கின்றன. சீனியைவிடக் கொஞ்சம்தான் கூட என்கிற விலைக்கு ஒருவர் கருப்பட்டி தந்தால் அதில் சீனி இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் வயிற்றில் அடிப்பது அதுதான். நல்லதைக் காய்ச்சுகிறவர் அந்த விலைக்கு விற்கவே முடியாது. விடிலியில் சொன்ன விலையைக் கொடுங்கள், பேரம் வேண்டாம்.

வாசலில் நிற்கலாமா என்று கேட்டீர்கள். முந்தின நாள் சாயங்காலமே போய்ப் பேசிவிடுங்கள். கருங்கல், மிடாலம் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் "அக்கானி எங்கே இறக்குகிறார்கள்?" என்று கேட்டால் விளைக்கு (பனந்தோப்புக்கு) வழி சொல்வார்கள். மரத்தில் இருப்பவரைக் கீழே நின்று கூப்பிடாதீர்கள், செல்போனை நீட்டிக்கொண்டு இந்தப் பக்கம் பாருங்கள் என்றும் கேட்காதீர்கள். அவர் கவனம் முழுக்கக் காலிலும் கையிலும் இருக்க வேண்டும்.

குழித்துறை தேன்பெட்டி:

தேனுக்கு நீங்கள் கொஞ்சம் பிந்தி வருகிறீர்கள். இங்கே பெரிய வரத்து ரப்பர் மரத்திலிருந்து. டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்து தளிர் விடும்போது, மூன்று இலைகள் காம்போடு சேரும் இடத்தில் தேன் கசியும், பூவில் இல்லை. பெட்டிகளை ரப்பர் தோட்டத்தில் வைத்து மார்ச் வரை மும்முரமாக எடுப்போம். ஏப்ரல் கடைசியில் யாராவது கடைசிப் பிழிவு பிழிந்துகொண்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அடையின் மூடியைக் கத்தியால் சீவிச் சட்டத்தை எந்திரத்தில் வைத்துச் சுற்றுவதை மகன் ரசிப்பான். தேனீக்கள் பக்கத்தில் போவதால் சட்டையில் சென்ட் வேண்டாம்.

மார்த்தாண்டத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பை 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹேட்ச் பரப்பினார். 1990களின் தொடக்கத்தில் தேனீயின் புழுக்களைத் தாக்கும் ஒரு நோய் வந்து பெட்டி பெட்டியாகக் காலியானது. அதிலிருந்து மீண்டு வந்த தொழில் இது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். உறைந்ததும் சர்க்கரைப் பாகு என்று சந்தேகப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள், வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும்.

வழியில் மட்டிப்பழம் (எங்கள் ஊர் வாழைப்பழம்) வாங்க மறக்காதீர்கள். அதற்கும் அதே வருடம்தான் குறியீடு.

குளச்சல் ஜெனி:

கருவாட்டுக்கு மேற்குப் பக்கம் வாருங்கள். கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் தடை தொடங்குவது ஜூன் 1-ஆம் தேதிதான், அதனால் நீங்கள் வரும்போது கரையில் மீன் இருக்கும். வள்ளக்காரர்களுக்கு (நாட்டுப்படகுக்காரர்களுக்கு) அந்தத் தடை இல்லை.

நெத்தோலியை (நெத்திலி) உப்புப் போடாமல் அப்படியே வெயிலில் காயவைப்போம். வாளை மாதிரி பெரிய மீனைக் கீறிக் குடலெடுத்து, உப்பில் ஊறவைத்துக் கழுவிக் காயப்போடுவோம். வெறும் மணலில் காய்ந்ததை வாங்காதீர்கள், எவ்வளவு கழுவினாலும் பல்லில் நறநறக்கும். வலை விரித்தோ பந்தல் போட்டோ காயவைக்கிற அம்மாக்களிடம் கேளுங்கள். நெத்தோலியை ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் சரியாகக் காயவில்லை, கோவை போய்ச் சேருவதற்குள் நாற்றம் வந்துவிடும். மதியத்துக்குமேல் வாருங்கள், காலையில் ஏலமும் மீன் வெட்டுமாக யாருக்கும் பேச நேரம் இருக்காது.

கோவை வாணி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. முதல் நாள் சாயங்காலம் கருங்கல், மறுநாள் காலை விடிலி, மதியம் குளச்சல் என்று வைத்துக்கொள்கிறேன். அம்மா உட்கார இடம் இருக்குமா? கருப்பட்டி ஊர் வந்து இளகாமல் இருக்க என்ன செய்வது?

மிடாலத்தான்:

அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் காரிலேயே போட்டு வாருங்கள். பாதையை ஒட்டிய விடிலியாகக் கேட்டால் நடக்க வேண்டியிருக்காது. புகை போகிற பக்கம் இல்லாமல், காற்று வருகிற பக்கம் உட்கார்ந்தால் கண் எரியாது. கருப்பட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டாம், வியர்த்துவிடும். ஓலைப்பெட்டியோடு கேளுங்கள். நாங்கள் அடுப்புக்கு மேலே பரணில் வைப்போம், புகையும் சூடும் ஈரத்தை அண்டவிடாது. கேஸ் அடுப்பு வீட்டில் அது நடக்காது, அதனால் மழைக்காலத்துக்கு முன்னால் தீர்கிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.