சூரிய நீர்ச்சூடாக்கியில் சுடுதண்ணீர் மட்டும் மெலிந்து வருவது ஏன்?

கேள்வி (கொக்குவில்):
எங்கள் வீட்டுக் கொங்கிறீற் கூரையில் கண்ணாடிக் குழல்கள் கொண்ட சூரிய நீர்ச்சூடாக்கி இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை மேல்தாங்கிக்கு ஏற்றி, அங்கிருந்தே குளிர்தண்ணீர்க் குழாய்களுக்கும் சூடாக்கிக்கும் விடுகின்றோம். சில மாதங்களாகக் குளிர்தண்ணீர் நன்றாகப் பாய்கிறது. சுடுதண்ணீரோ நூலாகத்தான் இறங்குகிறது. மூட்டு வருத்தமுள்ள அம்மாவுக்கு மார்கழி, தை மாதங்களில் அது இல்லாமல் சரிவராது. லண்டனிலுள்ள அண்ணா அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று கேட்கிறார். இங்கு அப்படியொரு மானியே இல்லை. தாங்கியை உயர்த்துவதா, பம்பி பூட்டுவதா?

பதில் (லண்டன்):
உங்கள் அண்ணா சொல்வது இங்குள்ள வீடுகளுக்குப் பொருந்தும். இங்கே அறைகளைச் சூடாக்கும் தண்ணீர், கொதிகலனுக்கும் சுவரோரத் தகடுகளுக்கும் இடையே மூடிய சுற்றில் ஓடுகிறது. ஆறியிருக்கும்போது அதன் அழுத்தம் 1 முதல் 1.5 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்க வேண்டும். அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது, அல்லது சூடேறும் தண்ணீர் விரிய இடம் கொடுக்கும் விரிவுக்கலம் பழுதாகிவிட்டது. உங்களுடையது தாங்கியின் உயரத்தை நம்பிய திறந்த அமைப்பு என்பதால், மானியைத் தேட வேண்டாம்.

பதில் (சுன்னாகம்):
ஐயா, தாங்கியை உயர்த்தும் செலவுக்கு இப்போதே இறங்க வேண்டாம். 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் என்பது கணக்கு. ஆகவே 3 மீற்றர் உயரத் தாங்கி 0.3 பார்தான் தரும். அது குறைவுதான், ஆனால் அதே தாங்கியிலிருந்து குளிர்தண்ணீர் நன்றாக வருவதாலும், சுடுதண்ணீரும் முன்பு ஒழுங்காக வந்ததாலும், குறை உயரத்தில் இல்லை, சூடாக்கியின் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்றே நான் கருதுகின்றேன்.

யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடேறும்போது பிரிந்து வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்வதால், குளிர்தண்ணீர்க் குழாய் தெளிவாயிருக்கச் சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் ஒடுங்கிப்போகிறது. முதலில் சவரின் தலையைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். தண்ணீர் பெருகினால் அடைப்பு அதிலேயே இருக்கிறது. ஓரிரவு வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்தால் துளைகள் திறந்துவிடும். பெருகாவிட்டால், சூடாக்கிக்குத் தண்ணீர் புகும் வாயிலிலுள்ள வலையையும் ஒருவழி வால்வையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வின் தட்டு முட்டை ஓடுபோல் படிவு பிடித்துப் பாதி திறந்த நிலையில் இறுகியிருப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கின்றேன்.

இரண்டு விடயங்களில் மிகவும் கவனம் தேவை. கழிவறை கழுவும் அசிட்டைச் சூடாக்கிக்குள் ஊற்றவே கூடாது. அது துருப்பிடிக்காத உருக்கையும் அரித்துவிடும். வெயிலில் வெறுமையாகக் காய்ந்த கண்ணாடிக் குழல்களுக்குள் குளிர்தண்ணீர் விட்டால் அவை வெடிக்கும்; ஆகவே வேலையை விடியற்காலையில் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. சவரைக் கழற்றியும் மாற்றமில்லை. வால்வைத்தான் கழற்ற வேண்டும். பிறகும் போதாவிட்டால் பம்பி பூட்டலாமா?

பதில் (சுன்னாகம்):
பூட்டலாம், ஆனால் சூடாக்கிக்கு முன்னால் அல்ல. இத்தகைய திறந்த கலன்கள் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பம்பி தள்ளினால் வீங்கிக் கிழியும். வெப்பம் தாங்கும் சிறு பம்பியைச் சுடுதண்ணீர் வெளிவரும் குழாயில் பூட்டி, கலனின் காற்றுக்குழாய் எப்போதும் திறந்திருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள்.